மாவேழரின் கவச நாண்

மலை உள்ளவரை மதில் நிற்க; மதில் உள்ளவரை குடி தழைக்க. பனிவரை நாட்டின் மூன்று கணவாய்களையும் காத்து, முன்னோர் வைத்த எல்லைக்கல் ஒன்றும் நகராமல் ஆளும் முகில்மாதேவியாரின் திருவாய்மொழியை, அவர் முன்னிலையில், நெடுமதிலூர் அரண்மனை ஓலைநாயகம் எழுதுவது.

தென்வாயில் கோட்டையின் இளந்தலைவியும், கல்வாயில் கோட்டைத் தலைவர் மாவேழரின் ஒரே மகளுமாகிய கொற்றியார் காண்க. உம் கோட்டைக் கிணறு வற்றாதிருக்க. உம் குதிரைகள் கால் இடறாதிருக்க. உம் வீரர் ஒருவருக்கொருவர் முதுகு காட்ட அஞ்சாதிருக்க.

இந்த ஓலையைத் தனியே இருந்து படிக்க. கொண்டுவந்தவனுக்கு உள்ளே இருப்பது தெரியாது. தெரியாது என்றே நம்புகிறோம். இலச்சினை உடைந்திருந்தாலோ, அரக்கு இரண்டு நிறமாகத் தெரிந்தாலோ, முதலில் அவனைத் தூணில் கட்டிவைத்துவிட்டுப் பிறகு படிக்க.

எழுதப்படுவது உம் தந்தையாரைப் பற்றியது. அவர் உயிரோடு இருக்கிறார் என்பதை முதலிலேயே எழுதச் சொன்னார் மாதேவியார். அரச ஓலையில் தந்தையின் பெயரைக் கண்ட மகளுக்கு அது தெரியும்வரை அடுத்த வரி கண்ணில் ஏறாது என்பதை அவர் அறிவார்.

நீர் அறிந்த வழக்கமே ஆயினும் முறைப்படி இங்கே சொல்லப்படுகிறது. நம் நாட்டில் எந்த வீரனும் தன் கவசத்தைத் தானே கட்டிக்கொள்வதில்லை. தோல்கவசத்தின் நாண் முதுகுப் பக்கம் ஓடுகிறது. அதை இழுத்து முடிப்பவர் இன்னொருவர். முடிப்பவரே சாட்சி. கவசத்தின் உள்ளே கத்தியோ ஓலையோ இல்லை என்பதற்கும், உள்ளே இருக்கும் உடல் பழுதில்லாதது என்பதற்கும் அவர் கைகளே சான்று. ஆண்டுதோறும் பனி விழுவதற்கு முந்திய முழுநிலவு நாளில், முடிச்சு நாளில், ஒவ்வொரு கோட்டைத் தலைவரும் மதில்மேல் படைக்கு முதுகு காட்டி நிற்க, முடிச்சாளர் நாணை இழுத்துக் கட்டி, “உடல் முழுது, உள்ளே ஒளிவில்லை” என்று உரக்கச் சொல்வார். அந்தச் சொல்லின்மேல்தான் படை நிற்கிறது. கல்லின்மேல் என்று வெளியூரார் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

சென்ற இளவேனிலில் உவர்த்துறை நாட்டுத் தூதுக்குழு நட்புப் பாராட்டக் கல்வாயிலுக்கு வந்தது. அவர்கள் கொண்டுவந்த பரிசுகளில் ஒரு பேழை நிறையக் கடிப்பான்கள் இருந்தன. கடிப்பான் என்பது எருமைக் கொம்பில் குடைந்த கருவி. கட்டைவிரல் அளவே இருக்கும். உள்ளே பல் வைத்த ஒரு நாக்கு உண்டு. கவச நாணின் முனைகளை விலாவைச் சுற்றி முன்பக்கம் கொண்டுவந்து அதில் நுழைத்து இழுத்தால், நாண் உள்ளே போகும், திரும்பி வராது. எவ்வளவு குதித்தாலும் தளராது. பக்கத்தில் உள்ள குமிழை அழுத்தினால் மட்டும் நாக்கு விலகி நாணை விடும். முடிச்சு வேண்டாம். முடிச்சாளரும் வேண்டாம்.

கோட்டை அதிகாரிகள் அதைக் கையில் வாங்கிச் சொடுக்கிப் பார்த்துச் சிரித்துவிட்டுப் பேழையில் திரும்ப வைத்தார்கள். தன் முதுகைத் தானே பூட்டிக்கொள்பவன் எதையோ பூட்டிக்கொள்கிறான் என்று நம் நாட்டுக் குழந்தையும் சொல்லும். ஆனால் ஒருவர் அதை எடுத்து அணிந்தார். தம் முடிச்சாளர் கோடனை மறுநாளே வேலையிலிருந்து விலக்கினார். அவர் உம் தந்தையார்.

கோடன் நேரே நெடுமதிலூருக்கு வந்து அரண்மனை வாயிலில் உட்கார்ந்துகொண்டான். மாதேவியார் அழைத்து விசாரித்தபோது அவன் சொன்னதை மாற்றாமல் எழுதுகிறோம்: “என்ன தாயி சொல்றது? தலைமுறை தலைமுறையா அந்த வீட்டு முதுகுக்கு நாங்கதான் சாட்சி. இப்ப ஒரு மாட்டுக்கொம்பு வந்து சாட்சி சொல்லுதாம்! முதுகைக் காட்ட மாட்டேங்கிறவரு மனசை எங்கேயிருந்து காட்டப்போறாரு? உவர்த்துறைக்காரன் உப்பைத் தின்னுட்டாரு. அவ்வளவுதான்.”

வேலை போனவன் வார்த்தையை அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது என்பதை அரசு அறியும். ஆயினும் அதைத் தள்ளிவிடவும் கூடாது. ஆகவே மாதேவியார் அரச கவசச்சாலைக் கண்காணி அலரியாரை, ஆண்டாய்வு என்ற பெயரில் கல்வாயிலுக்கு அனுப்பினார். அலரியாரை நீர் அறிவீர். வாங்கிய மோரில்கூடத் தண்ணீர் எந்தக் கிணற்றுடையது என்று கேட்பவர். அவருக்கு இட்ட கட்டளை ஒன்றுதான்: மாவேழர் எதை மறைக்கிறார் என்று கண்டு வர வேண்டும்.

அலரியார் போய் இறங்கிய அன்று மாவேழர் வாயிலுக்கே வந்து வரவேற்றார். கவசம் அணிந்திருந்தார். வெயில் கொளுத்தும் நண்பகலில், போர் இல்லாத நாளில், கவசம் எதற்கு என்ற முதல் ஐயம் அலரியாருக்கு அங்கேயே எழுந்தது. “கண்காணியாருக்குச் சந்தேகம் என்மேலேயா, என் உடுப்புமேலேயா?” என்று மாவேழர் சிரித்துக்கொண்டே கேட்டார். “உடுப்புமேலேதான், ஐயா. ஆளைப் பார்க்க மாதேவியார் வேறு ஆளை அனுப்புவார்” என்று அலரியாரும் சிரித்தார். இருவர் சிரிப்பும் பல்லோடு நின்றது.

அடுத்து வந்த நாட்களில் அவர் மடைப்பள்ளியில் போய் உட்கார்ந்து பேச்சுக் கொடுத்தார். தலைவர் இப்போது யாரோடும் பந்தியில் அமர்வதில்லை, தம் அறையிலேயே தனியே உண்கிறார் என்று தெரிந்தது. அதைச் சொன்ன சமையல்காரிக்கு அதில் வருத்தம் ஒன்றும் இல்லை. “தனியா சாப்பிட்டா என்னம்மா? சட்டியை வழிச்ச மாதிரி காலியா வருது. முன்னைவிட ரெண்டு மடங்கு கேக்கறாரு. சாப்பிடறவர் நல்லா சாப்பிட்டாத்தானே ஆக்குறவளுக்கு மதிப்பு!” என்றாள். இரண்டு மடங்கு உணவு என்றால் அறையில் இரண்டாவது ஆள் ஒளிந்திருக்கிறானா என்று அலரியார் எண்ணினார். ஆய்வு என்ற பெயரில் தலைவரின் அறைக்குள் நுழைந்து, கட்டிலுக்கு அடியிலும் பத்தாயத்துக்குள்ளும் பார்த்தார். யாரும் இல்லை. வாசலில் படுத்திருந்த தலைவரின் வேட்டைநாய் மட்டும், பருத்த உடம்போடு, குரைக்கவும் சோம்பி அவரைப் பார்த்தது.

மாதம் ஒருமுறை உவர்த்துறைக் கவசக்கொல்லன் பரியன் கோட்டைக்கு வருவான் என்று தெரிந்ததும் அலரியாரின் ஐயம் உருவம் பெற்றது. அவன் வந்த நாளில் வாயிலிலேயே அவனை நிறுத்தினார். மெலிந்த, பணிவான ஆள். “எண்ணெய் போடத்தான் வந்தேன், அம்மணி. கொம்பு காய்ந்தால் கடிக்காது. எங்கள் அரசர் கொடுத்த பரிசு பழுதாகிவிட்டது என்று நாளைக்கு யாரும் சொல்லக் கூடாது பாருங்கள்” என்றான். நுழையும்போது அவன் பையில் எண்ணெய்க் குப்பியும் புதிய நாண் ஒன்றும் இருந்தன. வெளியேறும்போது எண்ணெய்க் குப்பியும் பழைய நாண் ஒன்றும் இருந்தன.

பழைய நாண் எதற்கு? அறுந்த செருப்பைக்கூட யாரும் மலை கடந்து சுமப்பதில்லை. பரியன் வாயிற்காவலரோடு வெற்றிலை மாற்றிக்கொண்டிருந்த நேரத்தில், அலரியார் அந்த நாணை எடுத்துக்கொண்டு, அதே நிறத்தில் கோடன் விட்டுப்போன பெட்டியில் கிடந்த வேறொரு நாணைப் பையில் வைத்துவிட்டார். இது திருட்டே. அரசின் பொருட்டுச் செய்த திருட்டாகையால் மாதேவியார் மன்னித்தருளினார்.

அந்த நாணை அலரியார் படாதபாடு படுத்தினார். புரிகளுக்குள் மெல்லிய ஓலை நறுக்கு இருக்கும் என்று ஒரு முனையைப் பிரித்துப் பார்த்தார். சுட்டால் எழுத்துத் தெரியும் மையோ என்று அனலில் காட்டினார். நாவில் வைத்துப் பார்த்தார். வேர்வையின் உப்பும் கொம்பின் நாற்றமும் தவிர ஒன்றும் இல்லை. கடைசியில் வெளிச்சத்தில் நீட்டிப் பிடித்தபோதுதான் கண்டார். நாணின் மேல் சின்னஞ்சிறு பல்தழும்புகள், எறும்பு கடித்தது போல, முனைக்குச் சற்று உள்ளே தொடங்கி, ஒன்றன்பின் ஒன்றாக உள்நோக்கி நகர்ந்திருந்தன.

கணக்கு! ஓலையில் எழுதினால் பிடிபடும் என்று நாணில் குறித்து அனுப்புகிறார். எதன் கணக்கு என்பதுதான் பாக்கி. அலரியார் லாயத்துக்குப் போய்க் குதிரைகளை எண்ணினார், தழும்புகளோடு பொருந்தவில்லை. தானியக் குதிர்களை எண்ணினார், பொருந்தவில்லை. பகல் காவலரை எண்ணினார். நோயில் படுத்தவனைச் சேர்த்து, விடுப்பில் போனவனைக் கழித்தால் பொருந்தியது. சந்தேகத்துக்குக் கணக்குத் தெரியாது. பொருந்தும்வரை எண்ணிக்கொண்டே போகும்.

அன்றே அவர் மாவேழரிடம் சென்று, மாதேவியாரின் கணையாழியைக் காட்டி, தம் கண்முன்னே கவசத்தைக் கழற்றச் சொன்னார். மாவேழர் கவசத்தின் குமிழைக் கையால் மூடிக்கொண்டார். “தலையைக் கேட்டால் குனிவேன், தாயே. இதைக் கேட்காதீர்கள். முடிச்சு நாள் வரை பொறுங்கள்” என்றார். முடிச்சு நாளில் யார் முடிப்பார் என்று அலரியார் கேட்டதற்கு, அதைத் தாம் பார்த்துக்கொள்வதாகச் சொல்லி எழுந்து போய்விட்டார்.

அலரியாரின் முதல் ஓலை அரண்மனைக்கு வந்தது. மாவேழர் பகைவனோடு தொடர்புடையவர். சான்று கையில் உள்ளது. முடிச்சு நாளில் படைமுன்னிலையில் அவரை விலங்கிட்டு மதிலிலிருந்து இறக்க ஆணை வேண்டும் என்பது அதன் சுருக்கம். மாதேவியார் அந்த ஓலையை மறுபடி படிக்கச் சொல்லிக் கேட்டார். பிறகு விலங்கை அனுப்பச் சொன்னார். உமக்கு இது கசக்கும். எழுதாமல் விடலாமா என்று நாம் கேட்டதற்கு, விடக் கூடாது என்றார்.

விலங்கு வழியில் வந்துகொண்டிருந்தபோதே அலரியாருக்குத் தம் சான்றின்மேல் ஒரு குறை தோன்றியது. தழும்பை எந்தக் கருவியால் குறித்தார் என்று அவையில் கேட்டால் காட்ட வேண்டுமே! பேழையில் யாரும் தொடாமல் கிடந்த கடிப்பான் ஒன்றை எடுத்து, தம் கவசத்தின் நாணில் கோத்துத் தாமே இழுத்துப் பூட்டிக்கொண்டார். காலை முழுதும் அதோடு கோட்டையைச் சுற்றினார். நண்பகலில் குமிழை அழுத்திக் கழற்றிப் பார்த்தார். நாணில் ஒரு தழும்பு விழுந்திருந்தது. கடிப்பானின் பல்லே குறித்தது, கருவி அதுதான். நிறைவோடு அவர் மடைப்பள்ளிக்குப் போய், பசியோடு, களியும் ஆட்டிறைச்சிக் குழம்பும் வயிறார உண்டார். மறுபடி கவசத்தைப் பூட்டினார். காலையில் விழுந்த தழும்பு வரை நாணை இழுக்க முடியவில்லை. மூச்சை அடக்கியும் முடியவில்லை. புதுக்கடி பழையதற்கு வெளியே, முனைப்பக்கம் விழுந்தது.

அந்த இடத்திலேயே அவர் நாணைப் பிடித்தபடி நின்றுவிட்டதாகச் சமையல்காரி பின்னால் சொன்னாள். “குழம்பில் எதாச்சும் விழுந்திருச்சோன்னு நான் பயந்துபோனேன். அம்மா என்னைப் பார்க்கலை. வாசல்ல வந்து கிடந்த தலைவரோட நாயையே பார்த்தாங்க.”

உண்டவரின் தழும்பு வெளிப்பக்கம் நகர்ந்தது. மாவேழரின் நாணில் தழும்புகள் உள்பக்கம் மட்டுமே நகர்ந்திருந்தன. ஒன்றுகூடத் திரும்பி வரவில்லை. சட்டி காலியாக வந்தது, நாய் பருத்தது. கவசத்துக்குள் இருந்த மனிதர் மாதம் முழுதும் நாளுக்கு நாள் சுருங்கிக்கொண்டிருந்தார்.

அலரியார் இந்த முறை கணையாழியைக் கொண்டுபோகவில்லை. மாவேழரின் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திவிட்டு, “எத்தனை நாளாகச் சோறு இறங்கவில்லை?” என்று மட்டும் கேட்டார்.

மாவேழர் குமிழை அழுத்தினார். கவசம் இரண்டாகப் பிளந்தது. உள்ளே பஞ்சுச் சட்டை. அதற்குள் சுற்றிச் சுற்றிக் கட்டிய துணி. அதையும் அவிழ்த்தபோது, நாடறிந்த அந்த மார்பில் விலா எலும்புகள் தனித்தனியாகத் தெரிந்தன. தொண்டைக்குக் கீழே ஏதோ அடைத்திருப்பதாகவும், கஞ்சித் தெளிவைத் தவிர வேறொன்றும் இறங்குவதில்லை என்றும், மருத்துவன் வாயைத் திறந்தால் கோட்டைக்கே தெரிந்துவிடும் என்று தாம் யாரிடமும் காட்டவில்லை என்றும் சொன்னார். கோடனின் கைக்கு ஒரு விரல் அகலம் நாண் கூடுதலாக வந்தாலும் அது தெரிந்துவிடும். அதனால்தான் அவனை விலக்கினார்.

“பனி விழுகிறவரை நின்றால் போதும், தாயே” என்றார். “பனி விழுந்தால் கணவாய் அடைபடும். பிறகு நான் கிடந்தாலும் செத்தாலும் இளவேனில்வரை ஒருத்தனும் வர முடியாது. அதுவரை மதில்மேல் ஒரு கவசம் நடமாட வேண்டும். அதற்குள் ஆள் இருக்கிறானா இல்லையா என்று பகைவனுக்குத் தெரியக் கூடாது. அவ்வளவுதான் என் சூழ்ச்சி.”

அப்போது அலரியார் நாணை எடுத்து அவர் முன் வைத்தார். தழும்புகளைத் தொட்டுக் காட்டினார். பரியன் மாதந்தோறும் கொண்டுபோனது இதைத்தான் என்று சொன்னார்.

மாவேழர் தழும்புகளை விரலால் தடவினார். “நான்தான் கொடுத்தேன்” என்றார். “தழும்பை நம் ஆட்கள் யாராவது பார்த்துவிடுவார்களோ என்று பயந்து, வெளியூர்க்காரன்தானே என்று அவனிடம் கொடுத்தேன். எரித்துவிடு என்றேன். எரித்துவிடுகிறேன் என்று அவன் கைகூப்பினான்.”

கொற்றியாரே, உம் தந்தையார் தம் படைக்குச் சொல்லவில்லை, முடிச்சாளனுக்குச் சொல்லவில்லை, மருத்துவனுக்கும் அரசுக்கும் சொல்லவில்லை. அவர் மெலிவதை இம்மண்ணுலகில் ஒருவன் மட்டுமே விரல்விரலாக அளந்து வைத்திருந்தான். அவன் உவர்த்துறை அரசன். இளவேனிலுக்கு முன் நடந்த ஏதோ ஒரு விருந்தில் அவர் தொடாமல் விட்ட இலையை அவர்கள் ஆள் எவனோ கவனித்திருக்க வேண்டும். பரிசு என்பது அதன்பின் வந்த கேள்வி. திரும்பிப்போன நாண்கள் அதற்கு விடை.

அலரியார் நாணோடு நெடுமதிலூருக்கு விரைந்து வந்தார். வழியில் விலங்கு வண்டியைக் கண்டு திருப்பிக்கொண்டும் வந்தார். ஆயினும் மாதேவியார் உடனே நம்பவில்லை. முந்திய ஓலையில் துரோகி என்றவர் இப்போது நேரில் வந்து நோயாளி என்கிறார். இடையில் நடந்தது விருந்தா, கையூட்டா, இரக்கமா என்று அவர் முகத்துக்கு நேரே கேட்டார். பிறகு ஒரு கோணியில் பஞ்சை அடைத்துக் கவசத்தை அதன்மேல் மாட்டி, கடிப்பானால் பூட்டச் சொன்னார். கைப்பிடி கைப்பிடியாகப் பஞ்சைத் தாமே உருவி, ஒவ்வொரு முறையும் மறுபடி பூட்டச் சொல்லி, நாணைப் பார்த்துக்கொண்டே வந்தார். கோணி ஒட்டிப்போனபோது அந்த நாணும் உம் தந்தையாரின் நாணும் அக்காள் தங்கை போல இருந்தன. மாதேவியார் கையில் ஒட்டிய பஞ்சைத் தட்டிவிடாமலே அலரியாரிடம் மன்னிப்புக் கேட்டார்.

உம்மைப் பற்றியும் ஓர் ஐயம் இருந்தது, மறைக்காமல் எழுதுகிறோம். மாவேழர் உள்ளே அணிந்திருந்த பஞ்சுச் சட்டையின் தையல் தென்வாயில் தையல். மலைக்காற்று தாங்க முடியவில்லை என்று தந்தை கேட்டதால் அனுப்பினீரா, எதற்கென்று அறிந்தே அனுப்பினீரா என்று எமக்குத் தெரியாது. அறியாமல் அனுப்பியிருந்தால் இப்போது நீர் படும் வேதனைக்கு மேல் ஒரு கேள்வி வேண்டாம். அறிந்து அனுப்பியிருந்தால், அது மகள் செய்த குற்றம். மாதேவியாரும் ஒரு தந்தைக்கு மகள். அவர் கேட்கப்போவதில்லை. நீரும் சொல்ல வேண்டாம்.

இனிச் செய்ய வேண்டுவது. பரியன் தன் ஊரில் பையைத் திறந்திருப்பான். நாண் மாறியதைக் கண்டிருப்பான். நமக்குத் தெரிந்துவிட்டது என்பது அவர்களுக்கும் தெரிந்துவிட்டது. முடிச்சு நாளைக் காண வருவதாக உவர்த்துறைத் தூதர் முன்பே சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். மதில்மேல் ஒரு தலைவர் சரிவதையும், படை கலங்குவதையும் கண்டு, பனிக்கு முன்பே கணவாயில் நுழையலாம் என்று அடிவாரத்தில் அவர்கள் ஆள் சேர்ப்பதாக ஒற்றர் சொல்கின்றனர்.

மாவேழரைப் பஞ்சு திணித்து நிறுத்தலாம் என்று அவையில் ஒருவர் சொன்னார். யாரையாவது முடிச்சாளனாக்கி “உடல் முழுது” என்று சொல்ல வைக்கலாம் என்றார் இன்னொருவர். மாதேவியார் ஒப்பவில்லை. அந்தச் சொல் ஒருமுறை பொய்யானால் பிறகு எந்தக் கோட்டையில் எவன் முதுகை எவன் நம்புவான் என்று கேட்டார்.

ஆகவே ஆணை இது. இந்த ஓலை கண்டவுடன் தென்வாயிலை உம் படைத்துணைவரிடம் ஒப்படைத்துவிட்டு, காரணம் கூறாமல், விரைவில் கல்வாயில் சேர்க. அக்கோட்டையின் தலைமை இன்றுமுதல் உம்முடையது. முடிச்சு நாளில் தூதர் கண்முன், படையின் கண்முன், மதில்மேல் முதுகு காட்டி நிற்பவர் நீர். உமது கவசத்தை முடிப்பவர் உம் தந்தையார். கவசம் இல்லாமல், சால்வையோடு, உள்ளபடியே அவர் மதிலேறி வருவார். அவர் மெலிவைக் காண வருபவர்கள் கண்ணாரக் கண்டுகொள்ளட்டும். ஒளித்தால்தானே அது அவர்களுக்குச் சரக்கு! “உடல் முழுது, உள்ளே ஒளிவில்லை” என்று அவர் உம்மைக் குறித்துச் சொல்வார். அது மெய்யாக இருக்கும். பரியனும் கூட்டத்தில் வந்தால் அவனைத் தொட வேண்டாம். நல்ல இடத்தில் அமர்த்திச் சோறிடுக. கோடன் உமக்கு முடிச்சாளனாகத் தொடர்வான். தலைவரைப் பழித்துப் பேசிய வாய்க்கு அந்த ஒரு நாள் மட்டும் அவன் கீழே நின்று பார்க்கட்டும்.

இந்த ஆணையை அலரியார் முன்னதாகவே கல்வாயிலுக்குக் கொண்டுபோய்ச் சொன்னபோது மாவேழர் தலைமை போவதற்கு வருந்தவில்லை. மதிலேறத் தயங்கவில்லை. ஒன்றுக்கு மட்டும் ஒப்பவில்லை. அவர் சொல்லியனுப்பியது: “முடிச்சை நான் போடுகிறேன். ஆனால் என் விரலில் இப்போது வலு இல்லை. இழுத்தால் இறுகாது. மதில்மேல் எல்லார் முன்னிலையிலும் என் மகளின் கவசம் தளர்ந்து நின்றால் அவளுக்கல்லவா இழுக்கு? நான் கட்டியபின் கோடன் ஒருமுறை இறுக்கட்டும். இல்லையென்றால் அந்தக் கொம்பையாவது உள்ளே வைத்துக்கொள்ள விடுங்கள். ஒருத்தருக்கும் தெரியாது.”

மாதேவியார் அதற்குத் தந்த மறுமொழி இந்த ஓலையின் கடைசி ஆணை. உம் தந்தையார் போடும் முடிச்சு எவ்வளவு இறுகுமோ அவ்வளவே இறுகட்டும். கோடனும், அலரியாரும், எந்தக் கருவியும் அதைத் தொடக் கூடாது. அது தளர்ந்திருந்தால், அவிழாதபடி நிற்பது உமது வேலை.

இவ்வாறு மாதேவியார் மொழிய எழுதினோம். எழுதியதைப் படித்துக் காட்டினோம். கேட்டு ஒப்பி, மூன்று கணவாய் முத்திரையைத் தம் கையாலேயே பதித்தார். படித்தபின் இந்த ஓலையை அடுப்பில் இடுக, சாம்பலையும் கிளறிவிடுக. வழி உமக்குத் திறந்திருக்க. பனி உமக்குப் பின்னே விழுக.